நிதித்துறையில் பெயரெடுக்க சப்ஸ்டாக்: எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது

நிதித்துறை வேலைக்கு வரும் விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருக்கும். பட்டம், எக்செல், முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ தேர்வின் முதல் நிலை, இரண்டு மாதப் பயிற்சி வேலை. இவரால் ஓர் ஆண்டறிக்கையைப் படித்து, அதில் எது முக்கியம் என்று கண்டுபிடித்து, இன்னொருவருக்குப் புரியும்படி சொல்ல முடியுமா என்பது அதிலிருந்து தெரியவே தெரியாது. செய்திமடல் எழுதுகிறவர் ஒரே ஒரு இணைப்பை அனுப்பினால் போதும், அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். செய்திமடலை எழுதி, இணையத்தில் வெளியிட்டு, வாசகரின் மின்னஞ்சலுக்கும் அனுப்பித் தரும் தளமான சப்ஸ்டாக் அதற்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதே இந்த மதிப்புரை. சந்தாப் பணம் இரண்டாவது கேள்வி. அதற்கான கணக்கும் கீழே இருக்கிறது.

சப்ஸ்டாக் 2017இல் தொடங்கியது. அதில் வெளிவந்த முதல் செய்திமடலே பில் பிஷப் சீனாவைப் பற்றி எழுதும் சினோசிசம். வங்கி, காப்பீடு பற்றி வாரந்தோறும் வரும் நெட் இன்ட்ரஸ்ட் இதழை எழுதுபவர் ஹெட்ஜ் ஃபண்ட் எனும் தனியார் முதலீட்டு நிதித் தொழிலில் இருந்து வந்த மார்க் ரூபின்ஸ்டீன். 2008 முதல் வலைப்பூவில் எழுதிவரும் பேராசிரியர் அஸ்வத் தாமோதரனும் தன் மதிப்பீட்டுக் கட்டுரைகளை இங்கே இலவசமாகத் தருகிறார். கனமான நிதி எழுத்தைத் தேடிப் படிப்பவர்கள் இந்தத் தளத்துக்கு வந்து பழகியவர்கள். புதிதாக வருபவருக்கு இது பெரிய வசதி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வேலை தேடும் கட்டத்தில் இருப்பவருக்கு இதைவிட எளிதான இடம் இல்லை. இலவசம், பத்து நிமிடத்தில் தொடங்கலாம், வாசகர் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். ஆனால் எண்களைக் காட்டுவதில் இது பலவீனமான கருவி. நிதி எழுத்துக்கு அது சின்னக் குறை ஆகாது.

அட்டவணைதான் முதல் தலைவலி

சப்ஸ்டாக்கின் எழுது பலகையில் அடிக்குறிப்பு, நிரல் கட்டம், கணிதச் சூத்திரம் எழுத லாடெக்ஸ், வாக்கெடுப்பு எல்லாம் இருக்கின்றன. எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டினால் மட்டும் வரிசை குலைந்து எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும். பலர் திரையைப் படம்பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். கணினியில் தெளிவாகத் தெரியும் அந்தப் படம், கைபேசியில் எறும்பு ஊர்வது போல ஆகிவிடும்.

வேலை செய்யும் வழி, அட்டவணையும் வரைபடமும் செய்து தரும் டேட்டாராப்பர் தளம். அதன் இலவசக் கணக்கே போதும். எக்செல் பகுதியைப் பிரதியெடுத்து அங்கே ஒட்டி, அட்டவணை வகையைத் தேர்ந்து, எல்லா எண்களுக்கும் ஒரே தசம இலக்கத்தை வைத்து வெளியிடுங்கள். கிடைக்கும் இணைப்பை சப்ஸ்டாக்கில் தனி வரியில் ஒட்டினால் அட்டவணை விரியும். இணையத்தில் அது உயிருள்ள அட்டவணையாகவும் மின்னஞ்சலில் படமாகவும் போய்ச் சேரும். நான்கு நெடுவரிசைக்கு மேல் வைக்க வேண்டாம். ஐந்தாண்டு எண்களைக் காட்டியே தீர வேண்டுமென்றால் ஆண்டுகளைக் கீழ்நோக்கி அடுக்குங்கள். அலகை, அதாவது ஆயிரமா மில்லியனா என்பதை, அட்டவணைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அடிக்குறிப்பு வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த அறிக்கை, எந்தத் தேதி, எத்தனையாவது குறிப்பு என்று எழுதி வைத்தால், படிக்கும் ஆய்வாளர் உங்களை நம்ப ஆரம்பிப்பது அங்கேதான். சப்ஸ்டாக்கில் நிதி எழுதுகிறவர்களில் பலர் செய்யத் தவறுவதும் இதைத்தான்.

தமிழில் எழுதினால் மின்னஞ்சல் ஏன் பாதியில் நிற்கிறது

ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் மின்னஞ்சலை ஜிமெயில் நறுக்கிவிட்டு, மீதியைப் பார்க்க ஓர் இணைப்பைத் தரும். யூனிகோடில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘நிறுவனம்’ என்ற ஒரு சொல்லுக்கே 24 பைட் ஆகிறது. இரண்டாயிரம் சொல் கட்டுரை எழுத்திலேயே 50 கிலோபைட்டைத் தொடும். சப்ஸ்டாக் சேர்க்கும் வடிவமைப்பு நிரல், பொத்தான்கள், படங்களுக்கான முகவரிகள் எல்லாம் அதன் தலையில் ஏறும். ஆங்கிலத்தில் எழுதும் நண்பர் நாலாயிரம் சொல்லைச் சிக்கலின்றி அனுப்புகிறார், நமக்கு ஏன் நறுக்கப்படுகிறது என்பதற்கு விடை இதுதான்.

எனவே தமிழில் 1,500 சொல்லுக்குள் முடிப்பது நல்லது. நீளம் மிஞ்சினால் எழுது பலகையிலேயே எச்சரிக்கை வரும், அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். நிதி எழுத்தில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. ‘இந்தப் பங்கு என்னிடம் இருக்கிறது’ என்ற வெளிப்படுத்தலைப் பெரும்பாலானோர் கட்டுரையின் கடைசியில் போடுகிறார்கள். நறுக்கப்படுவதும் கடைசிப் பகுதிதான். வெளிப்படுத்தல் முதல் பத்திக்கு மேலேயே இருக்கட்டும். தலைப்பு தமிழில் இருந்தால் பதிவின் இணைய முகவரியை அமைப்புப் பகுதிக்குப் போய் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். முகவரியைப் பகிரும்போது விழுக்காட்டுக் குறிகளின் குவியலாக நீளாது.

அனுப்பிய எண்ணைத் திரும்ப வாங்க முடியாது

இணையப் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அனுப்பிய மின்னஞ்சலைத் திருத்த முடியாது. கதை எழுதுபவருக்கு இது பெரிதாகத் தெரியாது. இயக்க லாப விகிதத்தைத் தவறாகப் போட்டு நூறு ஆய்வாளர்களின் பெட்டிக்கு அனுப்பியவருக்கு அது பெயர் சம்பந்தப்பட்ட விஷயம். அனுப்புமுன் சோதனை மின்னஞ்சலை உங்களுக்கே அனுப்பி, கைபேசியில் திறந்து, ஒவ்வொரு எண்ணையும் மூல அறிக்கையோடு ஒப்பிடுங்கள். எழுதிய அன்றே அனுப்பாமல் மறுநாள் காலைக்கு நேரம் குறித்து வைப்பது நல்ல பழக்கம். பாதிப் பிழைகள் அந்த இரவில் பிடிபடும்.

பிழைகள் வழக்கமாக நான்கு இடங்களில் புகுகின்றன. முதலாவது அலகு: ஒரே அறிக்கையில் பணம் மில்லியனிலும் பங்குகளின் எண்ணிக்கை ஆயிரத்திலும் இருக்கும். கவனிக்காமல் வகுத்தால் பங்குக்கான லாபம் ஆயிரம் மடங்கு பிசகும். இரண்டாவது நிதியாண்டு. வால்மார்ட்டின் 2024 நிதியாண்டு முடிந்தது 2024 ஜனவரி 31இல், அதாவது அது பெரும்பாலும் 2023இன் வியாபாரம். மைக்ரோசாஃப்ட் ஜூனில் முடிக்கிறது, ஆப்பிள் செப்டம்பர் கடைசியில். இந்த மூன்றையும் ‘2024’ என்ற ஒரே நெடுவரிசையில் வைத்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

மூன்றாவது பங்குப் பிரிப்பு. என்விடியா 2021 ஜூலையில் ஒன்றை நான்காகவும் 2024 ஜூனில் ஒன்றைப் பத்தாகவும் பிரித்தது. 2020ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ள பங்குக்கான லாபத்தை இன்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டுமென்றால் 40ஆல் வகுக்க வேண்டும். பழைய அறிக்கையிலிருந்து ஓர் எண், விலைத் தளத்திலிருந்து ஓர் எண் என்று எடுக்கிறவர்கள் இங்கே வழுக்குகிறார்கள். நான்காவது திருத்தப்பட்ட பழைய எண்கள். நிறுவனம் பிரிவுகளை மாற்றியமைத்தால் சென்ற ஆண்டின் எண்களையும் புதிய பிரிவுப்படி மாற்றித் தரும். வளர்ச்சி விகிதம் போடும்போது இரண்டு எண்களையும் புதிய அறிக்கையிலிருந்தே எடுங்கள்.

தவறு வெளியே போய்விட்டதா? இணையப் பதிவின் தலையில் தேதியோடு திருத்தத்தை எழுதி, அடுத்த இதழின் முதல் வரியில் ‘சென்ற இதழில் இந்த எண் தவறு, சரியான எண் இது, முடிவு மாறுகிறது அல்லது மாறவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். சத்தமில்லாமல் மாற்றுவதுதான் ஆபத்து. வாசகரின் பெட்டியில் பழைய பிரதி பத்திரமாக இருக்கிறது.

மூலத்துக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசியின் எட்கர் தளம் இலவசம். 2001 முதலான அறிக்கைகளில் முழு உரைத் தேடலும் உண்டு. எண்களை நிரல் வழியாக எடுக்க அனுமதிச் சாவி தேவையில்லை. நொடிக்குப் பத்துக் கோரிக்கைக்கு மேல் அனுப்பக்கூடாது, நீங்கள் யார் என்பதைக் கோரிக்கையின் தலைப்பில் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் தடுத்துவிடும். பொருளாதாரத் தரவுக்குச் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வின் ஃபிரெட் தளம். அதன் உட்பொதி வரைபடத்தை சப்ஸ்டாக்கில் அப்படியே செருக வழியில்லை. தரவைப் பதிவிறக்கி டேட்டாராப்பரில் வரையுங்கள், இல்லையேல் படமாகச் சேமித்துப் போடுங்கள். உள்நாட்டு உற்பத்தி போன்ற எண்கள் பின்னால் திருத்தப்படும் என்பதால் தரவு எடுத்த தேதியை வரைபடத்தின் அடியில் எழுதுங்கள். அன்றைக்கு அந்த எண் என்னவாக இருந்தது என்பதை அதே அமைப்பின் ஆல்ஃப்ரெட் தளத்தில் பார்க்கலாம்.

எதை எழுதினால் வேலை கிடைக்கும்

சப்ஸ்டாக்கில் எளிதாக வாசகர் சேர்வது சந்தை ஆருடத்துக்கு. வேலைக்கு ஆள் எடுப்பவர் அதைப் படித்தால் முகம் சுளிப்பார். ஒரே துறையில் நான்கு நிறுவனங்களை எடுத்து, காலாண்டுதோறும் அதே நான்கைப் பற்றி எழுதுகிறவருக்கு மூன்றாவது காலாண்டில் ஒரு மதிப்பு வந்துவிடும். பெரிய அமெரிக்க நிறுவனங்கள் காலாண்டு முடிந்து 40 நாளுக்குள் 10-கியூ அறிக்கையையும், ஆண்டு முடிந்து 60 நாளுக்குள் 10-கே அறிக்கையையும் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன்பே முடிவுகளின் செய்திக்குறிப்பு வந்துவிடும், ஊரே அன்று அதைப் பற்றித்தான் எழுதும். முழு அறிக்கையும் அடிக்குறிப்புகளும் வந்த பிறகு, வாராக்கடன் ஒதுக்கீடு எப்படி மாறியது, குத்தகைப் பொறுப்பு எவ்வளவு கூடியது, பங்கு வடிவச் சம்பளத்தைக் கழித்தால் பணவரவு என்ன ஆகிறது என்று எழுதுங்கள். அங்கே கூட்டம் குறைவு, படிப்பவர் தரம் அதிகம்.

எழுத்தோடு எக்செல் மாதிரியையும் இணையுங்கள். உள்ளீடு ஒரு நிறத்தில், சூத்திரம் வேறு நிறத்தில், அனுமானங்கள் எல்லாம் ஒரே தாளில். ஒரு நேர்முகத்தில் அரை மணி நேரம் கேட்கும் கேள்விகளுக்கு அந்தக் கோப்பு பதில் சொல்லிவிடும். முன்பு சொன்ன கணிப்புகள் என்ன ஆயின என்பதற்கு ஒரு நிலையான பக்கம் வைத்து, தவறியவற்றையும் அங்கே விடாமல் எழுதுங்கள். சிறந்த நான்கு கட்டுரைகளுக்கு இணைப்பு தரும் ‘இங்கே தொடங்குங்கள்’ பதிவை முகப்பில் பொருத்திவிடுங்கள். முதல்முறை வருகிறவர் கடைசியாக வந்த பதிவை மட்டுமே பார்த்துவிட்டுப் போவது தளத்தின் இயல்பான குறை. அதைச் சரிசெய்ய இது ஒன்றுதான் வழி.

ஒருவர் இன்னொருவரைப் பரிந்துரைக்கும் வசதி 2022இல் வந்தது, குறும்பதிவுகளுக்கான நோட்ஸ் 2023இல். பரிந்துரை வழியாக வரும் எண்ணிக்கை வேகமாக ஏறும். அவர்களில் பலர் சந்தா சேரும்போது நீட்டப்பட்ட பெட்டியில் ஒரு தட்டு தட்டியவர்கள், அவ்வளவே. திறப்பு விகிதத்தைப் பார்த்து மகிழவும் வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் மெயில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்த பிறகு, வாசகர் திறக்காத மின்னஞ்சலும் திறந்ததாகப் பதிவாகிறது. பதில் மின்னஞ்சலும், எக்செல் கோப்பு இணைப்பின் மீதான சொடுக்கும்தான் நம்பத்தக்க அளவுகோல்.

காசுக் கணக்கு

இலவச இதழுக்கு சப்ஸ்டாக் எதுவும் வாங்குவதில்லை. கட்டணச் சந்தாவில் 10 விழுக்காடு அதற்கு. பணம் ஸ்ட்ரைப் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக வருவதால் அமெரிக்க அட்டைக்கு 2.9 விழுக்காடும் 30 சென்டும், தொடர் சந்தா என்பதால் 0.7 விழுக்காடும் தனி. நாட்டுக்கு நாடு இது மாறும். மாதம் 5 டாலர் சந்தாவில் சப்ஸ்டாக்குக்கு 50 சென்ட், ஸ்ட்ரைப்புக்கு 48 சென்ட் போக, கையில் நிற்பது 4.02 டாலர். கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று போய்விடுகிறது. ஆண்டுக்கு 50 டாலர் என்றால் 5 டாலரும் 2.10 டாலரும் போக 42.90 மிஞ்சும், இழப்பு 14 விழுக்காடு. அந்த 30 சென்ட் பன்னிரண்டு முறைக்குப் பதில் ஒரே முறை விழுவதுதான் காரணம். சந்தா வைத்தால் ஆண்டுச் சந்தாவை முன்னே நிறுத்துங்கள். ஸ்ட்ரைப் கணக்குத் திறக்க முடியாத நாட்டில் இருப்பவருக்குக் கட்டணச் சந்தாவே கிடையாது. எழுதத் தொடங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டியது இது.

வேலைதான் நோக்கம் என்றால் கட்டணப் பூட்டைப் போடாதீர்கள். உங்கள் சிறந்த ஆய்வைப் பூட்டி வைத்தால், அதைப் படிக்க வேண்டிய ஒருவர் முதல் இரண்டு பத்தியோடு திரும்பிப் போவார். அதோடு, ஆண்டுச் சந்தா வாங்கிவிட்டு ஆறாம் மாதம் வேலை கிடைத்து, புதிய நிறுவனம் எழுதக்கூடாது என்றால் பணத்தைத் திருப்பித்தர வேண்டிவரும்.

பத்து விழுக்காடு உறுத்தும் அளவுக்கு வருமானம் வந்தால் கோஸ்ட் பக்கம் பார்க்கலாம். லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் திறமூல மென்பொருள் அது. சந்தாவில் பங்கு கேட்காது, மாதக் கட்டணம் மட்டும் உண்டு. சப்ஸ்டாக்குக்குப் போகும் பத்து விழுக்காடு அந்த மாதக் கட்டணத்தைத் தாண்டும் நாளில் மாறுவது லாபம். சொந்த முகவரியிலிருந்து அனுப்பும்போது மின்னஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகள் உங்கள் பொறுப்பாகிவிடும். ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக அனுப்புவோரிடம் இவற்றைக் கட்டாயமாக்கிவிட்டது. யூடியூபை இதோடு ஒப்பிடுவது பொருந்தாது. அங்கே விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், நேர்முகத்துக்கு முந்தைய இரவில் ஒருவர் உங்கள் நாற்பது நிமிடக் காணொலியைப் பார்க்க மாட்டார்.

சட்டப் பக்கம்

இதில் சப்ஸ்டாக் உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது. அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு லோ என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, எல்லாருக்கும் பொதுவாக முறையாக வெளிவரும் நேர்மையான நிதி இதழை நடத்துபவர் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ‘என்னிடம் இவ்வளவு பங்கு இருக்கிறது, விற்கலாமா?’ என்று கேட்கும் வாசகருக்கு நீங்கள் பதில் எழுதினால் அந்தப் ‘பொது’ என்ற காப்பு போய்விடுகிறது. இந்தியாவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2014ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிகளின்படி, பணம் வாங்கிக்கொண்டு வாங்கு, விற்பு என்று பரிந்துரைப்பவருக்குப் பதிவு தேவை. பிரிட்டனில் முதலீட்டுக்கு அழைக்கும் விளம்பரத்தை அனுமதி பெற்றவரே வெளியிடவோ ஒப்புதல் தரவோ முடியும். வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் கணக்கில் வரும். ஆய்வாக எழுதுங்கள், விலை இலக்கும் பரிந்துரையும் வேண்டாம்.

பணம் வாங்கி எழுதினால் எவ்வளவு என்பதைச் சொல்லியாக வேண்டும். 2.5 லட்சம் டாலர் வாங்கியதைச் சொல்லாமல் ஒரு கிரிப்டோ நாணயத்தை விளம்பரம் செய்ததற்காக கிம் கர்தாஷியன் 2022இல் எஸ்இசிக்கு 12.6 லட்சம் டாலர் கட்டினார். சிஎஃப்ஏ படிப்பவர்களுக்கு அதன் நெறிமுறையும் பொருந்தும்: உண்மையையும் கருத்தையும் பிரித்துக் காட்ட வேண்டும், முடிவுக்கு ஆதாரமான கோப்புகளை, சட்டம் வேறு காலம் சொல்லாதவரை, 7 ஆண்டு வைத்திருக்கப் பரிந்துரை. அமெரிக்கத் தரகு நிறுவனத்தில் பதிவு பெற்றுச் சேருபவர், பணம் தரும் வெளித்தொழிலை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கட்டணச் செய்திமடலும் அதில் அடங்கும். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பழைய பதிவுகள் இணையத்தில் இருக்கலாமா என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியேறும் வழி

இந்தத் தளத்தின் மிக நல்ல குணம், கதவு திறந்தே இருப்பது. அமைப்புப் பகுதியில் ஏற்றுமதியைத் தேர்ந்தால் வாசகர் பட்டியல் சிஎஸ்வி கோப்பாகவும் பதிவுகள் எல்லாம் ஒரே சிப் (zip) சுருக்கக் கோப்பாகவும் கிடைக்கும். ஸ்ட்ரைப் கணக்கு உங்களுடையது என்பதால் இணையம் வழியாகச் சேர்ந்த கட்டணச் சந்தாதாரர்களையும் உடன் கொண்டுபோகலாம். இடம் மாறிய பிறகும் பழைய சந்தாக்களில் 10 விழுக்காடு கழிந்துகொண்டிருந்தால் சப்ஸ்டாக்குக்கு எழுதி நீக்கச் சொல்ல வேண்டும். சொந்தப் பெயரில் முகவரி வைக்க ஒரு முறை 50 டாலர் கட்டணம். முதல் மாதத்திலேயே கட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் பிறர் தரும் இணைப்புகள் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வரும், தளம் மாறினாலும் முறியாது. டேட்டாராப்பர் அட்டவணைகளும் எக்செல் கோப்புகளும் அந்த சிப்பில் வராது. அவற்றை இதழ் வாரியாகத் தனிக் கோப்புறையில், தேதியோடு, மாதம் ஒருமுறை சேமித்து வையுங்கள்.